ஏழு கல்லூரிகளும் ஒரு வடிகட்டியும்

போன வருடத்துக் கோப்பைத் திறந்து, ஆள் எடுக்கும் ஏழு பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் அப்படியே எடுத்து, இந்த வருடத் தேதியைப் போட்டுவிட்டு, "ஆய்வு முடிஞ்சது" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார் ஆள்சேர்ப்பு மேலாளர். முதலீட்டு வங்கியின் பதினோராவது மாடியில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவருக்குத் தெரியும், உள்ளூரச் சந்தோஷம்கூட.

ஏழு எப்படி ஏழானது என்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்வார். நான்கு, இயக்குநர்கள் படித்தவை. ஐந்தாவதில் தலைவருடைய மகன் படிக்கிறான். ஆறாவதுக்குப் பக்கத்தில் விமான நிலையம். "காலையில போயிட்டு சாயந்தரம் வந்துடலாம் சார். திறமை இருக்குற இடத்துக்குப் போக வசதி இருக்கணும்ல?" ஏழாவது எப்படி உள்ளே வந்தது என்று அவருக்கே தெரியாது. எடுத்துவிட்டால் யார் கேட்பார்களோ என்ற பயத்தில் பத்து வருடமாகப் பத்திரமாக இருக்கிறது.

மற்றக் கல்லூரிகளிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கணினியே நன்றி சொல்லி அனுப்பிவிடும். "உங்கள் திறமை எங்களை வியக்க வைத்தது" என்ற வரி அவர் எழுதியது. வியந்தவர் யாரும் விண்ணப்பத்தைத் திறந்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

எட்டாவதாக ஒரு கல்லூரியைச் சேர்த்தால் என்ன என்று உதவியாளர் ஒருமுறை கேட்டாள்.

"அங்க படிச்சவங்க யாராவது நம்ம பேங்க்ல இருக்காங்களா?"

"இல்ல சார்."

"பாத்தியா? ஒருத்தர்கூட வரல. அப்புறம் எப்படிம்மா நல்ல காலேஜா இருக்கும்?"

இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. நாலரைக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். கல்லூரியில் கணக்கில் அவள்தான் முதல். ஒன்பது வங்கிகள் ஏற்கெனவே நன்றி சொல்லியாயிற்று. மாதக் கடைசிக்குள் வேலை அமையாவிட்டால் மாணவர் விசா முடிந்து ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அறைக் கதவு திறந்திருக்க, கைப்பேசியை மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியில் பேசுவது அவர் வழக்கம்.

"மாமா, உங்க பேங்க் ஃபார்ம்ல எங்க காலேஜ் பேரே வரல."

"கீழ 'மற்றவை'ன்னு இருக்கும் பாரு. அதைப் போடு."

"அதைப் போட்டா அடுத்த நிமிஷமே தேங்க்ஸ்னு வருமாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எல்லாருக்கும் ஒரே அளவுகோல்டா கண்ணு. மாமாவே மீறலாமா?"

கோபமில்லாமல், சந்தேகம் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"நீங்களும் எங்க காலேஜ்லதானே மாமா படிச்சீங்க? அதைச் சொன்னாலே போதுமே."

வடிகட்டி விருட்டென்று எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.