தக்கைப்பூண்டு பூப்பதற்குள் ஒரு போட்டோ

பயிரை வளர்த்து அறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பயிரை வளர்த்து மண்ணுக்குள்ளேயே மடக்கி உழுபவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை வாங்கித் தருவது என் உத்தியோகம். உழுதுவிட்டால் பயிர் கண்ணில் படாது. உழுமுன் போட்டோ எடுக்காவிட்டால் பணம் கண்ணில் படாது. ஓ.டி.பி.க்காகச் செல்போனை முறைத்துக்கொண்டு நின்ற அன்பர்களே, நீங்களும் நம்ம ஜாதிதான்.

லாரியா, நெல்லா?

ஆரம்பாக்கத்தில் தனலட்சுமிக்குக் கொஞ்சம் நிலம். உப்புப் பூத்து, நெல் சரியாக வராமல் இருந்தது. கணவர் சேகருக்குக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலை. நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் உப்பு குறையும், டிராக்டர் கூலிக்கு ஊக்கத்தொகை வரும் என்று ஆசை காட்டியவன் நான். தனலட்சுமி கணவரிடம் ஒரே ஒரு வாய்ப்புதான் கேட்டார்: "இந்த ஒரு போகம் உடு. தேறலன்னா நானே லாரிக்கு வழி வெட்டி உடறேன்."

லாக்கரில் ஓ.டி.பி.

மனுவில் பதிவான நம்பர் சேகருடையது. தொழிற்சாலைக்குள் போன் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால்தான் அரசு ஆப் போட்டோ எடுக்க விடும். நான் வயலில் நின்று பட்டனை அழுத்துவேன். ஓ.டி.பி. லாக்கருக்குள் போய் விழும். சேகர் வெளியே வருமுன் அது காலாவதியாகிவிடும். தினமும் இதே கூத்து.

தக்கைப்பூண்டோ இடுப்புயரம் வளர்ந்து, அங்கங்கே மஞ்சள் பூவைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. பூக்கும்போதே மடக்கி உழ வேண்டும். மறுநாள் போனால் தனலட்சுமி கையில் கணவரின் போன்! "டெய்லி லாக்கர்ல தூங்கினுதானே கீது சார், ஒரு நாளு வயலுக்கு வந்து வேல செய்யட்டுமே!"

ஆந்திராவில் வயல்

ஓ.டி.பி. வந்தது. டிராக்டரும் வந்தது. போட்டோவைத்தான் ஆப் ஏற்கவில்லை. எல்லையோரம் அல்லவா, என் போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு, வயலே தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பதாகச் சாதித்தது. போனை அணைத்தேன், எழுப்பினேன், தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினேன். வேப்பிலை அடிக்காததுதான் பாக்கி. டிராக்டர் ஓட்டும் ரமணய்யாவுக்குப் பொறுமை போய்விட்டது: "நைனா, போனு எந்த ஊரு சொல்லுதோ, அந்த ஊருலயே போய் டப்பு வாங்கிக்கச் சொல்லு!"

ஓர் ஓரம் மட்டும்

ரமணய்யா போய்விட்டால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அதற்குள் தண்டு முற்றிவிட்டால் சீக்கிரம் மக்காது. நடவும் தள்ளிப் போகும். பணமா நெல்லா என்று தனலட்சுமி தயங்கியதாகவே எனக்குத் தெரியவில்லை. சாட்சிக்கு ஓர் ஓரத்தை மட்டும் விட்டு, மற்றதை உழச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

உழுது முடித்த பிறகு என் போன் சாவகாசமாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மிச்சமிருந்த ஓரத்தைப் படமெடுத்து, நடந்ததை எழுதி அனுப்பினேன். முழுப் பரப்பும் தெரியவில்லை என்று மனு திரும்பி வந்தது. ஆசை காட்டியவன் நானாயிற்றே, கூசிக் குறுகித்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் தேற்றி அனுப்பினார்: "அவங்களுக்கு போட்டோல தெரியல. நெல்லுக்குத் தெரியும், நீ இன்னாத்துக்கு சார் பேஜாராவுற?"

வாடகைக்கு இல்லை

விடாமல் நச்சரித்து, அறுவடைக்கு முன் மேலதிகாரி ஒருவரை நேரிலேயே அழைத்துப் போனேன். ஓரத்தில் சாட்சிக்கு விட்ட தக்கைப்பூண்டு. மற்ற இடமெல்லாம் கதிர் தாங்காமல் சாய்ந்த நெல். பார்த்தவர் மறுபேச்சில்லாமல் மனுவை ஏற்றுக்கொண்டார். வரப்பில் எங்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டியவர் சேகர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். லாரி வாடகை என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டேன். "இன்னா சார் கேள்வி இது? நெல்லு நிக்குது, லாரி எங்க நிக்கும்?"

ஊக்கத்தொகையும் வந்தது அன்பர்களே, அந்த நெல் சோறாகி, செரித்தும் போன பிறகு.