பருந்து தூங்கப் பழகிய ஆறு வாரம்

கட்டுமான இடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பருந்து என்றால் போதும். டவர் கிரேனின் உச்சியில், குளியலறை அளவுகூட இல்லாத கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, இரும்புக் கம்பியும் பலகையும் மாடி மாடியாகத் தூக்கி வைப்பவர். பதினாறு வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு ஆணிகூடத் தவறி விழுந்ததில்லை.

அன்று மதியம் மூன்று மணி. ஒரு டன் கம்பிக் கட்டு ஆறாவது மாடிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற சிக்னல்காரர் வாக்கி டாக்கியில், “மெதுவா... மெதுவா... நிறுத்துங்கண்ணே” என்றார். கட்டு நிற்கவில்லை.

“அண்ணே! நிறுத்துங்க!”

பருந்து திடுக்கிட்டுக் கண் திறந்தார். கை தானாகவே பிடியை இழுத்தது. அதற்குள் கட்டு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஆள் நீளம் போயிருந்தது. அங்கே வேலை செய்த தச்சர்கள் இருவர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“காத்து இழுத்துடுச்சு போல” என்று கீழே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஏணியில் இறங்கும்போது அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினார். ஆனால் தரைக்கு வந்ததும் அந்தத் தச்சர்களின் முகம் கண்ணில் பட்டது. ஒருவர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஆறாவது மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பருந்து நேராக இன்ஜினியர் அம்மாவின் அறைக்குப் போனார். “காத்து இல்லம்மா. நான்தான் கண் அசந்துட்டேன்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “எத்தனை நாளா சரியா தூங்கலை?”

“ஏழெட்டு மாசமா.”

“டாக்டர் எழுதிக் குடுக்கிற வரைக்கும் நீங்க மேல ஏறக் கூடாதுண்ணே. கீழே கயிறு, கொக்கியெல்லாம் பரிசோதிங்க.” பிறகு, “சொன்னதுக்கு நன்றி” என்றாள்.

பருந்துக்கு அந்த நன்றி சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மனைவியும் கூடவே டாக்டரிடம் வந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்பவள். எதையும் விடாமல் விசாரிக்கிற பழக்கம் உண்டு.

“குறட்டை விடுவாரா? மூச்சு திணறுமா?” என்று கேட்டார் டாக்டர்.

“தூங்கினாத்தானே டாக்டர் குறட்டை விட!”

டாக்டர் சிரித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை டீ? எட்டு, கடைசி டீ ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். படுக்கையில் என்ன செய்வீர்கள்? போன் பார்ப்பேன். அதில் என்ன? பருந்து தலையைச் சொறிந்தார். “கிரேன் சாயுற வீடியோ.”

மனைவி கணவரை முறைத்தாள். “இதையா பார்த்துக்கிட்டிருந்தீங்க?”

மாத்திரை எழுதவில்லை. மதியம் பன்னிரண்டுக்கு மேல் டீ வேண்டாம், போன் சமையலறையிலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் அதே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து போய் அமைதியாக உட்கார வேண்டும், கண் சொக்கினால்தான் மறுபடி படுக்கை. அவ்வளவுதான் என்றார்.

இவ்வளவுதானா என்று நினைத்தார் பருந்து. முதல் வாரத்திலேயே அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. டீ இல்லாமல் தலை விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரி மூன்று தடவை எழுந்து சமையலறை ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. “இந்த டாக்டர் என்னைத் தூங்க வைக்கிறாரா, இல்ல வாட்ச்மேன் வேலைக்குப் பழக்குறாரா?” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். பகலில் கயிற்றைத் தடவித் தடவிப் பார்க்கும்போது, வேறொருவர் ஓட்டும் கிரேனை அண்ணாந்து பார்க்க மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம் டாக்டருக்குத் தெரியாது, மனைவிதான் கண்டுபிடித்தாள். வீட்டுக் கவலையெல்லாம் அவர்கள் பேசுவது விளக்கை அணைத்த பிறகுதான். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேறு படிக்கப் போகிறேன் என்கிறாள். எட்டு மாதமாக அந்தப் பேச்சு தலையணைக்கும் தலையணைக்கும் நடுவேதான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் “ம்” கொட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பார். அப்புறம் இருவருக்குமே தூக்கம் வராது.

“இனிமே படுக்கையில அந்தப் பேச்சு கிடையாது. சாயங்காலம் நடந்துக்கிட்டே பேசலாம்” என்றாள்.

குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தினமும் பத்துச் சுற்று. முதல் நாள் இருவரும் பேசவே இல்லை. நான்காம் நாள் பேச்சு சண்டையாகி, ஆறாவது சுற்றிலேயே வீடு திரும்பினார்கள். அடுத்த வாரம் பருந்து தானாகவே கேட்டார்: “அவ என்னதான் படிக்கணும்கிறா?”

“நர்ஸ் படிப்பு. உங்ககிட்ட மூணு தடவை சொல்லிட்டா.”

அவர் நடையை நிறுத்தினார். பிறகு, “நான் காதுல வாங்கவே இல்லையே” என்றார். அன்றே மகளுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். பெரும்பாலும் அவள்தான் பேசினாள்.

அதற்கப்புறமும் தூக்கம் ஒரேயடியாக வந்து கொட்டிவிடவில்லை. முதலில் நாலு மணி நேரம், பிறகு ஐந்து. நடுவில் இரண்டு நாள் பழையபடி சொதப்பல். ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, அலாரம் அடித்த பிறகும் எழாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, மறுபடியும் தூங்கலையா?” என்று மனைவி பதறினாள்.

“படுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் அலாரம் அடிச்சது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லம்மா.” அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது வார முடிவில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பருந்து ஏணி அருகே போனபோது, பக்கத்துப் பலகையில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. சரியாகத் தூங்காதவர்கள் காலையிலேயே சொல்லிவிடலாம்; அன்றைக்குத் தரையில் வேலை, சம்பளம் பிடிக்க மாட்டார்கள். கேபினில் உட்காருபவருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று ஆள். கீழே இன்ஜினியர் அம்மாவின் கையெழுத்து.

இரண்டு நாள் யாரும் அந்தப் பலகைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை சிக்னல்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

“அண்ணே, வீட்டுல குழந்தைக்குப் பல் முளைக்குது. ரெண்டு ராத்திரியா பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னைக்கு வாக்கி டாக்கியை வேற யார்கிட்டயாவது குடுக்கச் சொல்லவா?”

“சொல்லு” என்றார் பருந்து. “கூச்சமா இருந்தா நானும் வரேன்.”

இருவரும் சேர்ந்தே இன்ஜினியர் அம்மாவின் அறையை நோக்கி நடந்தார்கள்.