தையல் மிஷினுக்கு ஒரு புருஷன் கையெழுத்து

துணியே இல்லாமல் ஜாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலைப் பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்று அரசாங்கம் மானியம் ஒதுக்கியிருந்தது. சந்தவாசலில் நாலு பேருக்குத் தைத்துக்கொடுத்துக்கொண்டு, தையல் சர்டிபிகேட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த என்னைத் தற்காலிக டீச்சர் என்று மலைமேல் அனுப்பினார்கள். ஜமுனாமரத்தூரில் ஒரு பழைய கிடங்கு, பன்னிரண்டு பெண்கள், மூன்று மிஷின்கள். ஆறு மாதப் பயிற்சியில், துணி வாங்குவதற்கான மானியம் வந்து சேர்ந்தது ஐந்தாவது மாதம். அதுவரைக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி, செய்தித்தாளையே தைத்துக்கொண்டிருந்தோம். கேட்டால், "சாங்ஷன் ஆயிடுச்சும்மா, வந்துடும்" என்பார்கள். எப்படி வருமாம்? தானாகக் கால் முளைத்து மலையேறி வருமா? எனக்கு அப்போதெல்லாம் கோபம் மூக்குமேல்தான் இருந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஒன்றரை மணி நேரம் நடந்து வருவாள், ஒரு நாளும் பிந்தியதில்லை. ஜாக்கெட்டில் கை வைத்துத் தைப்பதுதான் கஷ்டம். அக்குள் பக்கம் இழுத்துக்கொள்ளும். அவள் காகிதத்திலேயே அதைச் சுருக்கம் விழாமல் வைத்துக் காட்டினாள். நான் அதைப் பழக ஒரு வருஷம் பிடித்தது. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

அவள் புருஷனை விட்டு வந்தவள். மலையில் அது பெரிய விஷயமில்லை. ஒத்துவரவில்லை என்றால் ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் பரிசமாக வாங்கின மாட்டைத் திருப்பி ஓட்டிவிட்டு, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. அவனும் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இரண்டு மலை தாண்டி இருந்தான். கீழே எங்கள் பக்கம் அடிபட்டு மிதிபட்டு, "என் தலையெழுத்து" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அடேயப்பா, இப்படியும் ஒரு நியாயமா என்றிருந்தது. ஆனால் அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணிக்காரி சோறு போடும்போதெல்லாம் கூடவே நாலு பேச்சும் போடுவாள்.

"மிசினு வந்துச்சுனா சந்தையாண்ட ஒரு கொட்டாய் போட்டுக்குவன் டீச்சர். யார் வூட்லயும் ஒண்டிக்கினு கெடக்க வேணாம். நீ எப்டியாச்சும் வாங்கிக் குடுத்துடு" என்பாள். மலையில் டீச்சரானாலும் தாசில்தாரானாலும் நீ, வா, போதான்.

பயிற்சி முடித்தவர்களுக்கு மானியத்தில் ஆளுக்கொரு மிஷின் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு விண்ணப்பம் வந்தது. கல்யாணம் ஆகாதவள் என்றால் தகப்பன் கையெழுத்து. ஆனவள் என்றால் கணவன் கையெழுத்து. விதவை என்றால் கிராம அதிகாரியின் சான்று. அவ்வளவுதான். இந்த மூன்றிலும் சேராத ஒருத்தி இருப்பாள் என்று அதை அச்சடித்தவருக்குத் தோன்றவே இல்லை. பதினோரு பேருடையதை முடித்துவிட்டு, அவளுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துக் கீழே ஆபீஸுக்குப் போனேன்.

"தீர்த்துவிட்டவங்களுக்கு எதில சார் போடறது?" என்று கிளார்க்கிடம் கேட்டேன்.

"கோர்ட்டு பேப்பர் இருக்குதா?"

"அவங்க வழக்கத்துல கோர்ட்டெல்லாம் கிடையாது சார். துரும்பு கிள்ளிப் போடுவாங்க."

"அந்தத் துரும்ப எடுத்துக்கினு வாங்க. பின்னு குத்தி ஃபைல்ல வெச்சுடலாம்."

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அப்படியே வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் பேனாவை எடுத்து 'விதவை' என்பதற்கு நேராக டிக் போட்டேன். கிராம அதிகாரி பத்துப் பதினைந்து காகிதங்களோடு அதிலும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவள் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வாங்கினேன். "இதுல இன்னா எழுதிக்கீது டீச்சர்?" என்று கேட்டாள். "மிஷினுக்குத்தான்" என்றேன். அவளிடம் படித்துக் காட்டவில்லை. அவசரம் என்று இன்றைக்குச் சொல்லலாம். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயம்தான் நிஜம்.

இரண்டு வாரத்தில் விசாரணைக்கு ஓர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு, ஜீப் போகிற தூரம் போய், அப்புறம் நடந்து அவள் ஊருக்குப் போனோம். ஊர்க்கவுண்டர் கட்டிலை எடுத்துப் போட்டு, பலாப்பழம் அறுத்து வைத்தார்.

"இந்தப் பொண்ணோட புருஷன் விஷயமா விசாரிக்கணும்" என்றார் ஆபீசர்.

"புருசனா? இப்பவே பாக்கணுமா சாமி? இரு, ஆள் உட்றன்" என்றார் கவுண்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் ஆள் கிளம்பிவிட்டான். சர்க்கார் மனுஷர் கேட்ட ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது அவர்களுக்கு மரியாதை. பொய்யாவது, மறைப்பதாவது, அவர்கள் நினைப்பிலேயே இல்லை. நான்தான் பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, சிரித்த முகமாகக் கும்பிட்டான்.

ஆபீசர் விண்ணப்பத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, செத்தவரு சட்டையெல்லாம் மாட்டிக்கினு ஜம்முனு வந்துகீறாரு?"

பொய்ச் சான்று, வேலை போகும், கேஸ் வரும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு, "உங்க வயசுல எனக்கும் பொண்ணு இருக்குது" என்று பெருமூச்சு விட்டு, அவரே 'விதவை'யை அடித்து, 'திருமணமானவர்' என்று மாற்றினார். அவனைக் கூப்பிட்டுக் கணவன் என்ற இடத்தில் ரேகை வைக்கச் சொன்னார்.

"அதான் தீத்துட்டமே சாமி" என்றார் கவுண்டர்.

"அது உங்க ஊர்ல தீர்ந்துதுங்க. கவர்ன்மெண்ட்ல தீரல."

அவன் பாவம், "அவளுக்கு மிசினு வரட்டுமே" என்று சந்தோஷமாகவே ரேகை வைத்தான். அவள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "இவன எதுக்கு டீச்சர் வெரல் வெக்க சொல்றாங்க?" என்று கேட்டாள். வேலை தப்பியதே என்ற நிம்மதியில் இருந்த நான், "சும்மா, ஒரு முறைக்கு" என்றேன். ஆபீசர் விலாசத்தையும் புருஷன் ஊருக்கு மாற்றி எழுதியதை நான் கவனிக்கக்கூட இல்லை.

மிஷின்கள் வந்தன. மற்றப் பதினோரு பேருக்கும் அவரவர் ஊரில். அவளுடையது இரண்டு மலை தாண்டி அவன் வீட்டில் இறங்கியது. 'இன்னாரின் மனைவி' என்று காகிதத்தில் இருந்ததால், அங்கே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, கைக்குழந்தையோடு மிஷின் பக்கத்தில் நிறுத்தி போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆபீஸில் போய்க் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். "மனைவின்னு போட்டிருக்குது, மனைவிகிட்ட குடுத்தாச்சு. இன்னாம்மா தப்பு? வேற எடத்துக்கு மாத்தினா மானியம் கேன்சல்" என்றார் அதே கிளார்க். பக்கத்து நாற்காலிக்காரர் இந்த முறை சிரிக்கக்கூட இல்லை.

அவன் ஊருக்கும் போனேன். "நான் இன்னா வேணாம்னா சொல்றன்? அவ இங்க வந்து தெச்சுக்கட்டும். எடமா இல்ல?" என்றான். மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது?

என் தற்காலிக வேலையும் அந்த மாதத்தோடு முடிந்துபோனது. ஊருக்குக் கிளம்புமுன் அவளைப் பார்க்கப் போனேன். அண்ணன் நிலத்தில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விதவை என்று எழுதியதையும், பிறகு மாற்றியதையும், அவன் சொன்னதையும். நீ எழுதினதால்தானே என்று அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மிசினு போனா போவட்டும் டீச்சர். காயிதத்துல என் புருசன்னு அவன் பேரு கீதுன்னியே, அத மட்டும் அடிச்சுடு."

அந்த ஃபைல் அதற்குள் வேலூர் ஜில்லா ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தது. "அடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.