ஃப்ரிட்ஜ் மேல் தப்பில்லை

போன செவ்வாய்க்கிழமை என் ஃப்ரிட்ஜ் எனக்கு ஷாக் கொடுத்தது.

கொடுத்தது என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்து, தயிர் எங்கே என்று கண்ணை இடது பக்கம் திருப்பினேன்... சுர்ர்ர்! தலைக்குள் கரண்ட். அரை வினாடிதான். மறுநாள் மிக்ஸி பக்கத்தில். அதற்கு மறுநாள் வாஷிங் மெஷின் பக்கத்தில். கூடவே கிறுகிறுப்பு, காரணமில்லாத சிரிப்பு, அடுத்த நிமிடமே அழுகை.

அபிராமபுரத்தில் எங்கள் ஃப்ளாட், கல்யாணமாகிப் போன என் மகளைவிட மூத்தது. ஒயரிங் போயிருக்கும் என்று கணவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். அன்று முதல் நாங்கள் இருவரும் ரப்பர் செருப்போடுதான் சமையலறைக்குள் போனோம். காபி போடவும் செருப்பு!

வெள்ளிக்கிழமை முனுசாமி வந்தார். எங்கள் தெருவுக்கே அவர்தான் எலக்ட்ரீஷியன். முன்பு அடையாறு ஆற்றோரம் குடியிருந்தவர், இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறார். ஒவ்வொரு பிளக்காக டெஸ்டரை வைத்துப் பார்த்தார். கடைசியில் ஃப்ரிட்ஜை வெறுங்கையால் தட்டினார்.

"வூடு பக்காவா கீதுக்கா. எர்த்துகூட சூப்பரா கீது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று ஹாலில் நின்றபடி சண்டைக்குத் திரும்பினேன். சுர்ர்ர்!

"இப்ப இன்னாத்தத் தொட்டீங்க?"

"காத்தை."

முனுசாமி டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகினார். குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மனசுக்குன்னு எதுனா மாத்திரை சாப்ட்டுக்கினு இருந்து, டக்குனு நிறுத்திட்டீங்களா?"

மாட்டிக்கொண்டேன்.

ரெண்டு வருடம் முன்பு இந்தப் பத்திரிகையில் என் பத்தி மூன்று மாதம் வரவில்லை, நினைவிருக்கிறதா? 'கட்டுரையாளர் பயணத்தில் இருக்கிறார்' என்று போட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டுக்கூட எழுதினீர்கள். உண்மையில் நான் போன பயணம் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. மன அழுத்தம். அதிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது மாத்திரைதான்.

இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னும் எதற்கு? எனக்கு நானே டாக்டராகி, அந்தச் செவ்வாய்க்கு மூன்று நாள் முன்பு ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அழுகை வந்தபோதெல்லாம், பழையது திரும்பி வருகிறதோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன். அதை நினைப்பதைவிட ஃப்ரிட்ஜ் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி!

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம சம்சாரத்துக்கும் இதே கதைதாங்கா. தலையில கரண்ட் அடிக்குதுன்னு நாலு தபா ஸ்விட்ச்போர்டைக் கழட்ட வச்சுது. டாக்டராண்ட இட்டுக்கினு போனா, 'பழைய சீக்கு இல்ல, மாத்திரைய சடார்னு நிறுத்துனதுதான்'னு சொல்லிட்டாரு. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிக்கா... அஞ்சு, நாலு, மூணுன்னு மெதுவா இறக்கணும். நீங்க மெயினையே ஆஃப் பண்ணிட்டீங்க!"

பழைய சீக்கு இல்லையா? எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் பேப்பரோடு வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"மாத்திரையை நிறுத்திட்டியா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு..."

"நான் நாலு நாளா பயந்துக்கிட்டுத்தானே இருக்கேன்? ஃப்ரிட்ஜுக்கு!"

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு நடுவில் அழுகையும் வந்தது. இந்த முறை காரணம் தெரிந்த அழுகை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், காலில் ரப்பர் செருப்போடு.

அன்று மாலையே தி.நகரில் டாக்டர். முதலில் திட்டினார். பிறகு முனுசாமி சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார். மறுபடி மாத்திரை, பல மாதங்களில் துளித்துளியாகக் குறைக்க ஓர் அட்டவணை. இத்தனை நாள் மாத்திரை விருந்தாளிகள் கண்ணில் படாமல் பெருங்காய டப்பாவில் ஒளிந்திருந்தது. அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டேன், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கட்டும்!

பத்திரிகை ஆசிரியருக்கும் போன் செய்தேன். "இனிமேல் நான் ஒரு வாரம் எழுதாவிட்டால் 'பயணம்' என்று போடாதீர்கள். 'மனசு சரியில்லை' என்றே போடுங்கள்."

"வாசகர்கள் பயந்துவிட மாட்டார்களா?" என்றார்.

பயப்படட்டுமே... ஃப்ரிட்ஜுக்குப் பயப்படுவதைவிட அது மேல்!