டோக்கன்காரி வாங்கிய மார்க்

ஜோகுபாளையத்து பெர்னதெத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ஓ.பி. டோக்கன் கூப்பிடுவது அவள் வேலை. மேனேஜர் அனந்தபத்மநாபன் கூடவே இன்னொன்றையும் அவள் தலையில் கட்டியிருந்தார். வைத்தியம் பார்த்துப் போகிறவர்களிடம், கவனிப்பு எப்படி என்று கேட்டு ஐந்துக்கு மார்க் வாங்க வேண்டும். மார்க் நன்றாக வந்தால் கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆகும். வந்ததோ, அத்தனை பேரிடமும் ஐந்துக்கு ஐந்து!

மருந்து கவுன்டர் டீனாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். டீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டோக்கன் உன் கையில இருக்குது. உன்கிட்ட எவன்டி குறை சொல்லுவான்?"

பெர்னதெத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் ஓ.பி. முடிந்ததும் நீலக் கோட்டையும் முகக்கவசத்தையும் கழற்றிவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். மருந்துக் கவரோடு வந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அடேயப்பா, என்ன பேச்சு! டாய்லெட்டில் தண்ணீர் இல்லை, டாக்டர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஆளாளுக்குக் கொட்டினார்கள். உண்மையைக் கறந்துவிட்ட குஷியில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டாள்.

அப்போதுதான் சண்முகம் என்ற பெரியவர் வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் சகிச்சுக்கலாம்மா. டோக்கன் கூப்புடுதே ஒரு அம்மா, நாங்க எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த நம்பருக்குப் போயிடுது. அதுக்கு ஒண்ணுதான் போடுவேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். பெர்னதெத்துக்கு முகம் சுண்டிப்போனது. இதை விழுங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போய், தன்னைப் பற்றிய குறையை முதலில் சொல்லி, மற்றதைப் பிறகு சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். பர்மனென்ட் பேச்சை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

ஹாலுக்கு வந்தாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, பெஞ்சுகளைப் பார்த்து, தான் டோக்கன் கூப்பிடுவது வேகமா என்று நேராகவே கேட்டாள். பின்வரிசையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் எழுந்தாள்.

"வேகம்தாம்மா. ரொம்ப வேகம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

ஹாலே சிரித்தது. பெர்னதெத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் முகத்தைப் பார்த்து ஒருத்தி போட்ட முதல் உண்மையான மார்க் அது.