வெள்ளிக்கிழமைச் சூடமும் கியர் மென்பொருளும்

துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான பண்டமாரானில் நான் வேலை பார்த்த வொர்க்‌ஷாப் முதலாளிக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூடம் காட்டியதும், உள்ளே நிற்கும் எல்லாக் கார்களையும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவார். "எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் லெட்சுமி உள்ள வருவா" என்பார். அந்தப் புகைக்குள் எந்த லெட்சுமி வருவாள்?

டிப்ளோமா முடித்து, இனி கார் என்றால் கம்ப்யூட்டர்தான் என்று துள்ளிக்கொண்டு வந்தவன் நான். அவரும் லேப்டாப் வாங்கினார். வாங்கியதோடு சரி. 'கம்ப்யூட்டர் முறையில் பழுது பார்க்கப்படும்' என்று வாசலில் கொட்டை எழுத்து. உள்ளே அதைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்.

அன்று காப்பார் ஊர்க்கார அக்கா ஒருவரின் கார் பழுதுக்கு வந்து நின்றது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர். கார் இல்லையென்றால் மறுநாள் யாவாரம் இல்லை. கியர் உதறி உதறி மாறியது. கியரை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியில் புது மென்பொருள் ஏற்றினால் தீர்ந்தது. ஏற்ற ஆரம்பித்தேன். முடியும்வரை சாவியைத் தொட்டால் பெட்டி செத்துவிடும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"சரிலா, சரிலா."

பாத்ரூம் போய்த் திரும்பினால், ஒரு கையில் சூடத்தட்டு, மறு கையில் அக்காவின் கார் சாவி. திருப்பிவிட்டார். லேப்டாப் திரையில் சிவப்பு.

"ஒரு காரை மட்டும் விட்டா அபசகுனம்டா."

"பாஸ், பெட்டி போச்சு."

"சாவியத் திருப்பினதுக்கே போச்சுன்னா, அது என்ன டெக்னாலஜி?"

அதில் மட்டும் அவரோடு ஒத்துப்போனேன். ஒரு தும்மலுக்குச் சாகிற மென்பொருளை எழுதியவனும் எனக்கு இவர் ஜாதிதான்.

அக்கா வந்தார். முதலாளி முந்திக்கொண்டார். "உங்க கார் கம்ப்யூட்டர் ஏற்கனவே ஸ்பாயில்க்கா. வயசாயிருச்சுலா."

"இல்லக்கா," என்றேன். "பாதியில இவரு ஸ்டார்ட் பண்ணிட்டாரு."

"படிச்சவரு பேசறாரு, கேட்டுக்குங்க."

அக்கா என்னைத்தான் கேட்டார். "புதுப் பெட்டி எப்ப வரும்?"

"செவ்வாய்க்கிழமைக்கா."

"அதுவரைக்கும் உங்க கார்தாண்ணே. சாவி குடுங்க."

முதலாளி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நாளைக்கு சாப்பாடு ஏன் வரலன்னு போர்ட்ல அத்தனை பேரும் கேப்பாங்க. உங்க வொர்க்‌ஷாப்பைச் சொல்லவா?"

அந்த அத்தனை பேரின் கார்களும் இங்கேதான் வரும். சாவி கை மாறியது. அக்காவின் காரிலிருந்து மீன் குழம்பு வாடை போகாத அண்டாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, முதலாளி காரின் வெள்ளைத் தோல் சீட்டில் வைத்தேன்.

"டேய், கீழ பேப்பராவது போடுடா."

பேப்பர் இல்லை என்றேன்.