கப்பல் மூழ்குவதற்கு மன்னார்க்காரர் சொன்ன விதிகள்

கப்பலை மூழ்கடிப்பது சுலபம். அது மூழ்கியது நியாயம்தான் என்று மன்னார்க்காரரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் என் தொழில்.

கற்பனைக் கதை விளையாட்டுகளுக்கு விதி எழுதுகிறேன். மேசையைச் சுற்றி நாலு பேர் இருப்போம். ஒருவர் மாலுமி, ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம். நான் கதையை நடத்துவேன். அவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கொழும்புப் பதிப்பகம் ஒன்று தமிழில் இப்படியொரு விளையாட்டுப் புத்தகம் போட முன்வந்து, கடற்போர் அத்தியாயத்தை என்னிடம் தந்தது. ஆட்களை வைத்து ஆடிப் பார்த்துத்தான் விதிகளை எழுத வேண்டும். கடைசியில் பதிப்பாசிரியர் நேரில் வந்து ஒரு ஆட்டம் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் என் பெயர் அட்டையில் வரும், பிடிக்காவிட்டால் அத்தியாயம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அட்டையில் பெயர் வரவேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. எழுதியதைப் பிறர் முன்னால் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே மிச்சத்தை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

நூறு புள்ளிக் கப்பல்

என் முதல் விதி மிக அழகானது. கப்பலுக்கு நூறு புள்ளி. அடி விழ விழப் புள்ளி குறையும். பூச்சியமானால் கப்பல் மூழ்கும். வெளிநாட்டு விளையாட்டுகள் பலவற்றிலும் அப்படித்தான் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆட்டம் நடப்பது செல்வம் அண்ணனுடைய பட்டறையில். அவர் பைபர் போட்டுகளை, அதாவது கண்ணாடியிழைப் படகுகளை, ஒட்டித் திருத்துகிறவர். பல வருடம் இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பியவர் என்பதால், கோபம் வந்தால் அந்தப் பக்கத்துப் பேச்சு வரும். கடல் அரக்கன் எறிந்த பாறை அவருடைய கப்பலில் விழுந்தது. பன்னிரண்டு புள்ளி குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கே விழுந்தது என்று கேட்டார். எங்கே விழுந்தாலும் பன்னிரண்டுதான் என்றேன். அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் கவிழ்த்து வைத்திருந்த போட்டின் அடியில் உள்ளங்கையளவு ஓட்டையொன்றைக் காட்டினார். அடுத்ததில் முழங்கை நுழையும் கிழிசல், ஆனால் விளிம்போரம். அது தன்பாட்டில் கரைக்கு வந்ததாம். சின்ன ஓட்டைக்காரனைத்தான் இழுத்துக்கொண்டு வந்தார்களாம்.

"ஓட்டை எங்க இருக்குன்னு கேக்காம நான் இதுவரைக்கும் ஒரு போட்டையும் ஒட்டினதில்ல, தங்கச்சி."

காற்றுக்கும் பகடை

அன்றிரவே கப்பலைப் பிரித்து எழுதினேன்: நீர்மட்டத்துக்கு மேலே, கீழே, சுக்கான், பாய்மரம். அந்தப் பெருமையில் காற்றுக்கும் ஒரு விதி சேர்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டினால் திசை மாறும். கீரிக் கடற்கரையில் மீன்பிடித் தொழில் செய்யும் அந்தோனி அண்ணைதான் எங்கள் மாலுமி. அவர் பகடையைத் தொடவே மறுத்துவிட்டார். கதையில் இது எந்த மாதம் என்று மட்டும் கேட்டார். ஆடி மாதம் போல என்று சும்மா சொல்லி வைத்தேன்.

"ஆடியில சோழகக் காத்து உங்களிட்டக் கேட்டுக்கொண்டோ வீசுது, பிள்ளை?"

மந்திரவாதியின் அவசரம்

மந்திரவாதி, சிலாவத்துறையிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் வரும் ரிஃபாயா டீச்சர். கணக்கு படிப்பிக்கிறவர். நான் ஒரு கூட்டலில் தவறினால்கூடக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். ஒருநாள் அவர்களுடைய கப்பலில் நீர்மட்டத்துக்குக் கீழே அடி. எதிரிக் கப்பல் கிட்டே வந்துவிட்டது. டீச்சரின் முறை. நெருப்பு மழை மந்திரத்தைச் சொல்வார் என்று, அதற்கான ஆறு பகடையையும் பொறுக்கி அவர் முன்னால் வைத்தேன். அவரோ தண்ணீர் இறைக்கப் போகிறேன் என்றார். மந்திரவாதி இறைப்பதா என்று கேட்டேன். கப்பல் தாழும்போது கை சும்மா இருக்கிறவர்தான் இறைப்பார் என்று மற்ற இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். டீச்சர் கப்பலின் பொருட்பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார்.

"பன்னிரண்டு மந்திரம் எழுதியிருக்கிறீங்கள், தண்ணி அள்ள ஒரு வாளி எழுதேல்லையே."

பார்க்க வந்தவர்

பதிப்பாசிரியர் வந்தார். என்னைவிட இளையவர், கையில் குறிப்புப் புத்தகம், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதை இதுதான்: கொள்ளையர் தலைவன் தன் கோட்டைக்குள் போய்ச் சேருமுன் பிடிக்க வேண்டும். தப்பவிட்டால் தோல்வி. ஆட்டம் அருமையாகப் போனது. செல்வம் அண்ணன் எதிரிக் கப்பலின் அடியில் துளை போட்டார். சுக்கானும் போனது. தலைவன் தன் ஆட்களை விட்டுவிட்டுச் சிறு படகில் குதித்து ஓடினான். துரத்த வேண்டியதுதான் பாக்கி. அந்தோனி அண்ணை கப்பலைத் திருப்பினார், தண்ணீரில் கிடந்த கொள்ளையரைத் தூக்குவதற்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் எதிரிகள் என்றேன். தலைவன் தப்பினால் தோல்வி என்று ஞாபகப்படுத்தினேன். "தோல்வியெண்டு எழுதுங்கோ பிள்ளை, முதல்ல ஆக்களைத் தூக்குவம்" என்றார். போன சோழகக் காற்றுக் காலத்தில் அவருடைய போட்டு கவிழ்ந்தபோது வெறும் மண்ணெண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர் அவர். கடலில் கிடந்த வலையை வெட்டி விட்டுவிட்டு வந்து தூக்கியவர், அவரோடு முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து மீன்வாடிக்காரர். இந்தக் கரையில் அப்படித்தான். தூக்கிக் கரை சேர்த்த பிறகுதான் பழைய சண்டை. இது தெரிந்திருந்தும், இதற்கு ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. விதியில் இடமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் ஒழுங்காக முடியும், என் பெயரும் தப்பும். சொல்ல மனம் வரவில்லை. தாள்களை மூடிவிட்டு, கயிறு எறிவது யார், பாரம் எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கேட்கத் தொடங்கினேன். எட்டுக்கு மேல் ஏற்றினால் விளிம்பால் தண்ணீர் வரும் என்றார் செல்வம் அண்ணன். ஏறியவன் சும்மா இருக்கக் கூடாது என்று டீச்சர் முதல் கொள்ளையனின் கையில் வாளியைக் கொடுத்தார். எட்டைத் தாண்டியும், தண்ணீரை இறைத்து இறைத்தே, கிடந்த பதினொரு பேரையும் தூக்கினார்கள். தலைவன் தப்பினான். தோற்ற மூன்று பேரும் வென்றவர்களைப் போல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என் மேசைக்காரர்கள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்த பதிப்பாசிரியர் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஆக்களைத் தூக்கிற விதியைக் கடைசியில போட்டிடாதைங்கோ, அதுதான் முதல் பக்கம்."

அட்டை

புத்தகம் வந்தது. அட்டையில் அலையைக் கிழித்துக்கொண்டு பெரிய கப்பலொன்று, அதன் கீழே என் பெயர். பட்டறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். செல்வம் அண்ணன் கையிலிருந்த ரெசின் பசையைத் துடைத்துவிட்டு, ஓட்டை விதி எந்தப் பக்கம் என்று தேடினார். அந்தோனி அண்ணை முதல் பக்கத்தைத் தானே ஒருமுறை வாசித்து, பிறகு எங்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிஃபாயா டீச்சர் மட்டும் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"உங்கட பேர் வடிவா இருக்கு, கப்பலிலதான் வாளியைக் காணேல்லை."

பன்னிரண்டு மந்திரமும் ஏழு அரக்கர்களும் கொண்ட அந்த அத்தியாயத்தை, பைபர் ஒட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், கணக்கு டீச்சர் ஆகிய மூன்று பேரிடம் ஒவ்வொரு ஞாயிறும் தோற்றுத்தான் எழுதி முடித்தேன் என்பதை, அட்டையில் பெயர் உள்ளவள் என்ற முறையில் பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன்.